தோளுக்குக் கீழே வெள்ளை

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்த ஆரணியின் நாடியில், உதட்டுக்குக் கீழே, மச்சம் இல்லை.

திலக்ஷன் கோப்பையைப் பார்த்தான், மடிக்கணினித் திரையைப் பார்த்தான், மறுபடியும் அக்காவைப் பார்த்தான். சற்று முன் அந்த மச்சத்தை அழித்தது அவன்தான். ஆனால் அழித்தது படத்தில்.

“அக்கா, மச்சம் எங்க?”

“எந்த மச்சம்?”

“நாடியில இருந்ததே.”

“உனக்கென்ன விசரே? கெதியாப் படத்தை அனுப்படா. அம்மா நெடுக போனில கோல் எடுத்துக்கொண்டிருக்கிறா.”

செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் போனது. வீட்டுக்குள் போடும் அந்த ரப்பர் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் குதிக்காலில் சப்பென்று அடிக்கும். அக்கா எங்கே நிற்கிறாள் என்பதை அந்த வீட்டில் யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை.

கிரீம் எதையோ அப்பியிருக்கிறாள் என்று முடிவுசெய்தான். மாப்பிள்ளை கனடா. கனடா என்றால் யாருடைய மச்சமும் மறையத்தான் செய்யும்.

அம்மா யோகேஸ்வரி கொட்டாஞ்சேனையில், கலியாணத் தரகர் நமசிவாயத்தின் வீட்டில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இயற்கையான படம் வேண்டுமாம், ஆனால் கொஞ்சம் வெள்ளையாக. ஒரே படத்தை விதம் விதமாகச் செய்து பார், நல்லதை எடுக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கம்பஸ் வகுப்புகள் முடிந்ததும் திலக்ஷன் போய் உட்காருவது காலி வீதியில் ஒஸ்வால்ட் அண்ணனின் அச்சகத்தில். வேலை, படம் திருத்துவது. படங்கள் பெரும்பாலும் செத்தவர்களுடையவை.

வெள்ளவத்தையில் இறந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அஞ்சலிப் படத்தில் ஒரே கோட்டைப் போட்டிருப்பதற்குக் காரணம் அவன்தான். அது ஒஸ்வால்ட் அண்ணனின் கலியாணக் கோட். பெண்களுக்கு அவர் மனைவியின் அகலக்கரைப் பட்டுச்சேலை. பிறந்தநாள் தொப்பியோடு கேக் ஊட்டும் படத்தைத்தான் உறவினர்கள் கொண்டுவருவார்கள். முகத்தை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, எஃப் ஆறு பொத்தானை அழுத்தினால் போதும். கோட்டோ சேலையோ தானாக வந்து பொருந்தும். தோளுக்குக் கீழே உடம்பு வெள்ளைக்குள் கரைந்துபோகும். மூலையில் குத்துவிளக்கு எரியும். அடியில் பிறந்த நாளுக்கு ‘மலர்வு’, இறந்த நாளுக்கு ‘உதிர்வு’ என்று இரண்டு சொற்கள் விழும். உதிர்வுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியும் வந்துவிடும், ஏனென்றால் அந்த வாடிக்கையாளர்கள் எவரும் நாளைக்கு வருகிறோம் என்று சொன்னதில்லை.

அதே பொத்தான்களைத்தான் வீட்டு மடிக்கணினியிலும் வைத்திருந்தான். அதே பழக்கமும்: கடைக் கணினியில் இடம் போதாது என்பதால், எதைச் செய்தாலும் பழைய படத்தின் மேலேயே சேமித்து மூடிவிடுவது.

மழை விட்டிருந்தது. உப்புப் பிடித்த யன்னல் கம்பிகளுக்கு அப்பால் கடல் இருளத் தொடங்கியிருந்தது. ரயில் போனபோது அலுமாரிக் கண்ணாடிகள் கிடுகிடுத்து அடங்க, ஈரத் தண்டவாளத்தின் துரு வாசமும் அக்கா வதக்கும் வெங்காய வாசமும் ஒன்றாக அறைக்குள் வந்து நின்றன. அவனால் உட்கார முடியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், காலை ஆட்டினான். பிறகு படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினான்.

“டேய், என்ன லைட்டடா போட்டனி? கண் கூசுது!”

எந்த விளக்கும் புதிதாகப் போடப்பட்டிருக்கவில்லை.

படத்து முகத்தின் தோலை மெழுகினான். சமையலறையில் கரண்டி நின்றது.

“முகம் ஒரு மாதிரி இழுக்குதடா. ரப்பர் போட்டுக் கட்டின மாதிரி.”

தற்செயல், என்று சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொண்டவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சின்ன வயதில் பல்லியின் வால் மறுபடியும் முளைக்குமா என்று பார்ப்பதற்காகவே வெட்டிப் பார்த்தவன் அவன். பகிடிக்குத்தான், ஒரே ஒரு தரம், சோதித்துப் பார்ப்போமே என்று கறுப்பு வெள்ளையாக்கினான். சேமித்தான். மூடித் திறந்தான். கை தன்பாட்டில் செய்தது.

வெட்டுப் பலகையில் கத்தி டக், டக் என்று விழுந்துகொண்டிருந்தது.

நின்றது.

“டேய் தம்பி, இந்தத் தக்காளி பழுதோ? எல்லாம் சாம்பலாக் கிடக்கு.” கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “என்ர கையும் சாம்பலாக் கிடக்கு.”

திரையில் நிறத்தைக் கூட்டும் பட்டையை வலது பக்கம் இழுத்தான், இன்னும் இழுத்தான், கடைசிவரைக்கும் இழுத்தான். சாம்பல் சாம்பலாகவே இருந்தது. பழைய படம் இல்லை. அதன் மேலேதான் எல்லாவற்றையும் சேமித்திருந்தான்.

அம்மாவிடம் இருக்கும். அம்மாவின் போனில்தான் எடுத்தது. குரல்பதிவு அனுப்பினான்: “அம்மா, அக்கான்ர முதல் படத்தை உடனே அனுப்புங்கோ. கெதியா.”

பதில் வரும்வரை திரையைப் பார்த்தபடி இருந்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம். நேரே பார்க்கும் கண்கள். கடையில் இத்தனை காலமாக அப்படி ஒரு முகத்தைக் கண்டதும் அவன் செய்வது ஒன்றே ஒன்று.

அவன் செய்யவில்லை. விரல் செய்தது.

எஃப் ஆறு.

மின்சாரம் போனது. மடிக்கணினி மட்டும் எரிந்தது. சேலை வந்து பொருந்தியது. தோளுக்குக் கீழே வெள்ளை ஊறியது. மூலையில் சுடர். மலர்வு. உதிர்வு. இன்றைய தேதி.

தேதியை அழித்தான். வந்தது. மறுபடி அழித்தான். வந்தது.

“தம்பி.” சமையலறையிலிருந்து. “கால் விறைச்சுப் போச்சடா.”

“அக்கா, அசையாதேங்கோ. நான் வாறன். இப்ப வாறன்.”

“காலைக் காணேல்லை.”

செருப்பைக் காணவில்லை என்று சொல்லும் அதே குரல்.

போன் அதிர்ந்தது. அம்மாவின் குரல், பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். “முதல் படம் ஏனடா? நீ இப்ப அனுப்பினதே வடிவாத்தான் கிடக்கு. எல்லாருக்கும் காட்டினனான், பிடிச்சிருக்காம், இண்டைக்கே முடிவு சொல்லீனமாம். ஆனா கீழ ஏன் வெள்ளையா விட்டனி?”

அவன் அனுப்பவில்லை.

எதையும் அனுப்பவில்லை.

“அக்கா?”

கத்திச் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. வெங்காய வாசம் இல்லை. எண்ணெய்த் திரி வாசம். கடையில் திரையில் மட்டுமே பார்த்த விளக்குக்கு வாசம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். சமையலறை வாசலில் ஒரு செருப்பு. இரண்டடி தள்ளி மற்றது. நடக்கிற வாக்கில். இரண்டும் வெறுமை.

முன்னறை ஹோலில் வெளிச்சம் இருந்தது.

குத்துவிளக்கு எரிந்தது. கடற்காற்றில் யன்னல் திரைச்சேலை படபடத்தது. சுடர் அசையவில்லை.

அதற்குப் பின்னால் அக்கா. நேரே பார்த்தபடி. படத்துக்குச் சிரித்த சிரிப்போடு. வீட்டுச் சட்டை இல்லை. அவனுக்குத் தெரிந்த சேலை. வெள்ளவத்தையில் அவன் அனுப்பிவைத்த பெண்கள் எல்லாரும் உடுத்தியிருந்த சேலை. அதே மடிப்பு. சாம்பல் நிறக் கரை.

“அனுப்பீட்டியே?” என்றாள். உதடு அசையவில்லை.

அவன் கண் மெதுவாகக் கீழே இறங்கியது. கழுத்து. தோள். நெஞ்சு. அதற்குக் கீழே சேலை பனிபோல மெலிந்து, வெளுத்து, நாற்காலியும் இல்லாமல், நிலமும் இல்லாமல், வெறும் வெள்ளை.