கல்லறைப் பாசியில் கரடிப்பூச்சிகள்

நான் செய்ததெல்லாம் ஒரு நல்ல காரியம்தான். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முன்னோரை வரவேற்கும் ஓபோன் பண்டிகைக்கு முன்பு குடும்பக் கல்லறையைக் கழுவுவது எங்கள் வழக்கம். இந்த முறை யாரும் சொல்லாமலே போய், கல்லில் ஒரு பொட்டுப் பாசி இல்லாமல் தேய்த்துத் தள்ளினேன். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

நான்கு நாள் கழித்து, நீச்சல் முகாமிலிருந்து வந்த தொமொகி அண்ணன் கல்லறைக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்பினான். அந்தப் பாசிதான் அவனுடைய கோடை விடுமுறை ஆராய்ச்சியாம். அதில் எட்டுக் கால் கரடிப்பூச்சிகள் இருந்தனவாம். நுண்ணோக்கியில் மட்டுமே தெரியுமாம். பள்ளி திறக்க இரண்டே வாரம். நோட்டு பாதிகூட நிரம்பவில்லை.

அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது.

நல்லவேளை, சுரண்டிய பாசியை இன்னும் எறியவில்லை. செய்தித்தாளில் மடித்துக் கொல்லையில் வைத்திருந்தேன். பிரித்தால் அப்பளம் போல மொறுமொறுவென்று இருந்தது.

"எல்லாம் செத்திருக்கும். விடு, நாகிசா" என்றான் அண்ணன்.

நான் விடவில்லை. அந்தக் கல் வெயிலில் கை வைக்க முடியாமல் சுடுமே.

"ஜூலைல பன்னிரண்டு நாள் மழையே இல்லையே. அப்ப அதுங்களுக்கு யாருண்ணா தண்ணி ஊத்தினா?"

அண்ணன் நோட்டைப் புரட்டினான். மழை பெய்த மறுநாள் மட்டுமே அவன் அங்கே போயிருந்தான்; காய்ந்த பாசியைப் பார்த்ததே இல்லை.

பாசியில் பாதியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தோம். நுண்ணோக்கியில் குட்டிக் குட்டிப் பீப்பாய்கள் தெரிந்தன. கரடிப்பூச்சிகள்தான் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு அப்படிக் கிடந்தன. இருபது நிமிடமாகியும் ஒன்றும் அசையவில்லை. அண்ணன் குளிக்கப் போய்விட்டான். எனக்குக் கண் வலித்தது. ஆனாலும் நகரவில்லை.

ஒரு பீப்பாய் மெல்ல உப்பியது.

"அண்ணா, ஒரு கால் வந்திடுச்சு."

தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். "மத்த கால்?"

"இரு, எண்ணிட்டிருக்கேன்."

சாயங்காலத்துக்குள் பதினொரு கரடிப்பூச்சிகள் நடந்தன. அண்ணன் பழைய தலைப்பை அடித்துவிட்டு, 'காய்ந்தாலும் சாகாதவை' என்று எழுதினான். அதன் கீழே தன் பெயரையும், பக்கத்திலேயே என் பெயரையும் எழுதினான்.

"எத்தனை நாள்தான் தாங்கும் இதுங்க?" என்றான்.

எனக்கும் அதே கேள்விதான். ஊறவைக்காத பாசியை மறுபடி மடித்து, மேலே தேதி போட்டேன். அடுத்த ஓபோன் வரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.