ஓரம் உடைந்த தட்டு

என் தோழியின் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தான். எதிர் வீட்டுப் பாப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்துதான் வந்தது. என் தங்கை மட்டும் விமானத்தில் வந்தாள். வரும்போதே அவளுக்கு ஆறு வயது, காலில் ஷூ வேறு!

இதை வகுப்பில் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

"ரேடியோ கதை விடுது" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

ரேடியோ என்பது அப்பா எனக்கு வைத்த பட்டப்பெயர். வீட்டில் வைத்தது எப்படியோ பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், அவ்வளவுதான். அதற்காக எல்லாமே கதையாகிவிடுமா?

கடலுக்கு அந்தப் பக்கத்தில், அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் வளரும் ஓர் இல்லத்தில் அவள் இருந்தாள். அவளைத் தத்து எடுக்க அப்பாவும் அம்மாவும் இரண்டு வருடம் காகிதம் காகிதமாகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் அம்மா போய் அவளை அழைத்துவருவது என்று முடிவானது.

வகுப்பில் இருக்கும் உலக உருண்டையில் அவள் ஊரைத் தேடினேன். எங்கள் ஊரில் ஒரு விரலை வைத்தால் அவள் ஊர் கண்ணிலேயே படவில்லை. உருண்டையைப் பாதி சுற்றிய பிறகுதான் வந்தது. நான் காலையில் பல் தேய்க்கும்போது அவள் படுக்கப் போவாள். இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒருத்தி என் தங்கையா? நினைக்க நினைக்க எனக்குப் புல்லரித்தது.

அவள் மொழியில் ஏழு சொற்களைப் படித்து வைத்தேன். வா, அக்கா, தண்ணீர், தூக்கம், நல்லது, பயப்படாதே. ஏழாவது சொல் அப்பா கேட்டுக்கொண்டது.

"சூடுன்னு எப்படிச் சொல்றதுன்னு பாத்து வையி. அடுப்பு இருக்கிற வீட்டுக்கு வர்றா. அதுதான் முதல்ல தெரியணும்."

அப்பா சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் கீழே ரொட்டிக் கடை, மேலே நாங்கள். அப்பா விடிவதற்குள் எழுந்து மாவு பிசைந்து, பெரிய அடுப்பில் ரொட்டி சுடுவார். அந்தத் தெருவே அவர் ரொட்டி வாசத்தில்தான் கண் விழிக்கும்.

அங்கே போய்ச் சேர்ந்த அம்மா ஒரு படம் அனுப்பினார். நீளமான சாப்பாட்டு அறை. கையில் தட்டோடு இருபது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பெரியவர்கள் முன்னால், சின்னவர்கள் பின்னால். ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் நிற்கும் பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. எல்லாருக்கும் கடைசியில் நின்ற குட்டிதான் என் தங்கை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அவள் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும் வரை பார்த்தேன்.

அந்த நாளும் வந்தது. விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு விலகியது. அம்மா வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தொடும் பச்சைக் கோட்டு போட்ட ஒரு சிறுமி வந்தாள்.

அவள் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். நேற்று உலகத்தின் மறுபக்கத்தில் இருந்த கண்கள்! அவ்வளவு பெரிய கடலையும் அத்தனை மேகங்களையும் தாண்டி வந்து, இப்போது என் மூக்குக்கு நேராக நிற்கின்றன. என் ஏழு சொற்களும் எங்கோ பறந்துபோயின.

"என்ன, ரேடியோ நின்னு போச்சா?" என்றார் அப்பா. 

வீட்டுக்கு வந்ததும் அவள் ஷூவைக் கழற்றி, அளந்து வைத்தது மாதிரி சுவரோரம் நேராக வைத்தாள். அப்பா அவளுக்கென்றே சுட்ட இனிப்பு பன்னை மேசையில் வைத்தார். நான் தட்டுகளை எடுத்து வைத்தேன். என்னுடையது நீலத் தட்டு. ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருக்கும். இருந்தாலும் அதில்தான் சாப்பிடுவேன்.

"இது என் தட்டு" என்று உடைந்த ஓரத்தைக் காட்டி, என் நெஞ்சையும் தொட்டுக் காட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தனக்கு வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் ஃப்ரிட்ஜுக்கு எதிரில் நின்றாள்.

"ஃப்ரிட்ஜ்கிட்ட என்னடா பேச்சு?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா அவளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா கையை எடுத்ததும் அவள் இறங்கிப் போய் மறுபடியும் ஃப்ரிட்ஜுக்கு எதிரில் நின்றாள். இப்படி மூன்று முறை. அப்பா பன்னைப் பிய்த்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"விமானத்துல நல்லா சாப்பிட்டாளே!" என்றார் அம்மா. "வண்டிய தள்ளிட்டு வந்து எல்லாருக்கும் வரிசையா குடுத்தாங்க. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கலையே."

"ஊரே என் ரொட்டியத் தின்னுது. என் பொண்ணு தொடமாட்டேங்கிறா" என்றார் அப்பா. அவர் அப்படி முகம் வாடி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"காலையிலயும் சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றார் அம்மா.

பயணக் களைப்பு. வெயில் இறங்குவதற்குள் அவள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். பக்கத்துக் கட்டிலில் படுத்த எனக்குத்தான் மனசே சரியில்லை. அவளுக்கு எங்களைப் பிடிக்கவில்லையா? திரும்பிப் போக வேண்டும் என்று சொல்வாளா? சொன்னால் என்ன செய்வது? எதைத்தான் சாப்பிடுவாள்?

காலையில் கண் விழித்தபோது மணி ஏழைத் தாண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. அவளைக் காணோம். சுவரோரம் அவள் ஷூவும் இல்லை!

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா ஈரத் தலையோடு ஓடி வந்தார்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். அலமாரிக்குள் பார்த்தோம். அழுக்குத் துணிக் கூடையைக்கூடக் கவிழ்த்தோம். கடைக்கு இறங்கும் மாடிப்படிக் கதவு திறந்து கிடந்தது. ஓடினோம்.

கடையில் நல்ல கூட்டம். ரொட்டி எடுத்துக்கொண்டிருந்த அப்பாவின் கையில் இருந்து இடுக்கி நழுவியது.

"இங்க வரலையே!"

"மொழி தெரியாத பிள்ளை... தெரு பேருகூடச் சொல்லத் தெரியாதே!" என்ற அம்மா கடையின் பின்வாசல் வழியாகக் குறுக்குச் சந்தில் இறங்கி, பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடினார். அப்பா அடுப்புக்குப் பின்னால் இருக்கும் மாவுக் கிடங்குக்கு ஓடினார்.

"நீ கடையப் பாத்துக்க!" என்று என்னிடம் கத்திவிட்டுப் போனார்.

வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. "ரொட்டி ஆறுதும்மா." "எனக்கு பஸ் போயிடும்." எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைக்குள் இருந்து பார்த்தால் வரிசையின் பாதிதான் தெரியும். மீதி வெளியே, பக்கத்து முடிதிருத்தும் கடை வரை நீண்டிருக்கும். அங்கே யாராவது அவளைப் பார்த்திருக்கலாம். கேட்கலாம் என்று வாசலுக்கு ஓடினேன்.

வரிசையின் கடைசி ஆள் தபால்காரர். அவருக்கும் பின்னால், அவர் இடுப்பு உயரம்கூட இல்லாமல், பச்சைக் கோட்டு! நெஞ்சோடு தட்டை அணைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"உங்க வீட்டுப் பிள்ளையா?" என்றார் தபால்காரர். "முன்னாடி போம்மான்னு சொல்லிப் பாத்துட்டேன். இம்மி அசைஞ்சாத்தானே!"

"மாமா, மாமா! பஸ் நிறுத்தத்துல எங்க அம்மா தேடிட்டிருக்காங்க. ஓடிப்போய் பாப்பா கெடச்சுட்டான்னு சொல்லுங்க மாமா!"

"என் எடம் போயிடுமே?"

"நாங்க பிடிச்சு வைக்கிறோம்!"

தபால்காரர் தன் பையை அவர் இடத்தில் இறக்கி வைத்துவிட்டு ஓடினார். தெருவெல்லாம் அளந்த கால்கள், என்ன வேகம்!

நான் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தேன். "வா, உள்ள போலாம். இது நம்ம கடை. நமக்கு எதுக்கு வரிசை?"

அவள் வரவில்லை. முன்னால் நிற்பவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு, முதுகு, வரிசை... அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அனுப்பிய அந்தப் படம்!

நேற்று அவள் ஃப்ரிட்ஜோடு பேசவில்லை. வரிசையில் நின்றிருக்கிறாள்! தட்டை எடுத்து வரிசையில் நின்றால்தான் அவளுக்குச் சாப்பாட்டு நேரம். நாங்களும் வந்து நிற்போம் என்று காத்திருந்திருக்கிறாள். நாங்களோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "வா, வா" என்று உயிரை எடுத்திருக்கிறோம். காலையில் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தவளுக்குத் தெரு முழுக்க நீண்ட வரிசை தெரிந்திருக்கிறது. அப்பாடா, இந்த ஊரிலும் சாப்பாடு உண்டு என்று இறங்கி, கடைக் கூட்டத்துக்கு இடையில் நுழைந்து வெளியே வந்துவிட்டாள்.

நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். என் கையைப் பிடித்து, தனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு கோட்டுக்குள் கையை விட்டு இன்னொரு தட்டை வெளியே எடுத்தாள்.

நீலத் தட்டு. ஓரம் உடைந்த தட்டு.

நான் அதை வாங்கி, உடைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.  இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லையே என்று நான் மருகிக்கொண்டு படுத்திருந்தேன். இவளோ வெறும் வயிற்றோடு எழுந்து, அடுக்கி வைத்த தட்டுகளில் என்னுடையதைத் தேடி எடுத்து, எனக்கும் சேர்த்து வரிசையில் நின்றிருக்கிறாள். ஒரே ஒரு முறைதான் காட்டினேன். மறக்கவில்லையே!

என் சட்டை நுனியை ஒரு சின்னக் கை பிடித்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திரும்பவில்லை. திரும்பினால் பிடி விட்டுப்போய்விடுமே!

அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"தூக்காதீங்கம்மா. அவ சாப்பாட்டு வரிசையில நிக்கிறா. அங்க நின்ன மாதிரி. நீங்களும் பின்னாடி நில்லுங்க."

அம்மா எங்கள் கையில் இருந்த தட்டுகளைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானேதான அந்தப் படத்த எடுத்தேன்!" என்றவர், பேசாமல் பின்னால் நின்று பச்சைக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

தபால்காரரும் வந்து, தன் பையைத் தூக்கிக்கொண்டு தன் இடத்தில் நின்றார். விஷயம் வரிசையிலேயே ஒருவர் வாயில் இருந்து இன்னொருவர் வாய்க்கு நகர்ந்து கடைக்குள் போய், கிடங்கில் இருந்து திரும்பியிருந்த அப்பாவிடம் சேர்ந்தது.

"உங்க சின்னப் பொண்ணு வரிசையில வந்திட்டிருக்கா. நீங்க சீக்கிரம் குடுங்க!"

வரிசை நகர்ந்தது. ஒவ்வோர் அடியாக நாங்களும் நகர்ந்தோம். வாசலைத் தாண்டியதும் தபால்காரர் ஒதுங்கி நின்றார். "குட்டி முதல்ல வாங்கட்டுமே."

"வேணாம் மாமா. அவ முறை வரட்டும்."

வந்தது. அப்பா என் தட்டில் ஒரு பன் வைத்தார். அடுத்து அவள் இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.  அப்பா பன்னைக் கண்ணாடிப் பொருள் மாதிரி மெதுவாக இறக்கி வைத்தார்.

அவள் பன்னைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் அடுப்பின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியே, அடுத்த பன்கள் மெல்ல மெல்ல உப்பி எழுவதைப் பார்த்தாள். அவள் கண்கள் வட்டமாக விரிந்தன. அப்பாவின் மாவுக் கைகளைப் பார்த்தாள். இதையெல்லாம் செய்வது இவர்தானா என்று கேட்பது மாதிரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் எல்லாரும் தினமும் தின்னும் பன்தான். அவள் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று எனக்கும் தெரிந்தது.

பிறகு ஒரு கடி கடித்தாள். உடனே 'உஸ்' என்று வாயைத் திறந்து, ஒரு சொல் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த சொல்!

"சூடு! அப்பா, சூடுன்னு சொல்றா!" என்று குதித்தேன். அவள் மொழியில் அதையே திருப்பிச் சொன்னேன். அவள் சிரித்தாள். பறந்துபோன மற்ற ஆறு சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குத் திரும்பி வந்தன.

அவள் மூன்று பன் சாப்பிட்டாள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக வரிசையில் போய் நின்றாள், என்னையும் இழுத்துக்கொண்டு. என் வயிறு வெடிக்காததுதான் பாக்கி.

அன்று மதியம் எங்கள் அடுக்களையில் நாலு பேர் தட்டோடு வரிசையில் நின்றோம்.

"சொந்த வீட்டுல, நான் சுட்ட ரொட்டிக்கு, நானே வரிசையா?" என்றார் அப்பா.

"இடிக்காம நில்லுங்க" என்றார் அம்மா.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது அவள் வரிசையில் நிற்பதில்லை. எனக்கு முன்னால் ஓடிப்போய் ஜன்னலோர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். தமிழும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

நேற்று அப்பா ஏதோ ஞாபகத்தில் நீலத் தட்டை எடுத்து ரொட்டியை வைத்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நாற்காலியில் இருந்து குதித்து இறங்கினாள். ரொட்டியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். தட்டைத் தன் சட்டையிலேயே துடைத்தாள்.

"அது அக்காது!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

"போச்சு, இன்னொரு ரேடியோ!" என்றார் அப்பா.

அவள் அந்தத் தட்டை, உடைந்த ஓரம் என் பக்கம் வரும்படி திருப்பி, என் முன்னால் வைத்தாள்.