தள்ளிவிட்ட புள்ளி

இருட்டத் தொடங்கிய மாலையில், அடுப்பில் பால் பொங்கி வரும் நேரத்தில் செல்பேசி அதிர்ந்தது. 'உங்கள் பேருந்து 47 நெருங்குகிறது. இன்னும் ஐந்து நிறுத்தங்கள்.' அவன் எந்தப் பேருந்துக்கும் காத்திருக்கவில்லை. பதினொரு நாளாக வேலைக்கே போகாமல் மூன்றாவது மாடி வீட்டில் அடைந்து கிடப்பவனுக்குப் பேருந்து எதற்கு? காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிய மனைவி, "சாயந்தரம் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டுத்தான் வருவேன். பாலைக் காய்ச்சி ஆறவைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்குத்தான் இந்தப் பால்.

47ஆம் எண் வண்டி பணிமனையின் பின்பக்கம், கண்ணாடியெல்லாம் நொறுங்கி, காவல்துறை வைத்த சீலோடு நிற்கிறது. அதை அவனை விட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்குத் திரையைப் பார்க்கும் வேலை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டி இருக்கும்; வண்டி எங்கே இருக்கிறதென்று அது சொல்லச் சொல்ல, திரையில் ஒரு புள்ளி நகரும், காத்திருப்பவர்களின் செல்பேசிக்குச் செய்தி போகும். பெட்டி ஊமையானால் புகார் குவியும், மேலாளர் கடித்துத் துப்புவார். அதனால் அந்த அறைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத பழக்கம். நேரத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, புள்ளியைக் கையாலேயே அடுத்த நிறுத்தத்துக்கு நகர்த்திவிடுவார்கள். அதற்கு 'வண்டியைத் தள்ளுவது' என்று பெயர்.

அவன் கடைசியாக வேலைக்குப் போன அன்று காலை மூடுபனி. 47இன் பெட்டி செத்துவிட்டது. டீயை உறிஞ்சிக்கொண்டே அவன் வண்டியைத் தள்ளினான். ஆறு பத்துக்கு மார்க்கெட் நிறுத்தத்தைத் தாண்ட வைத்தான். அதே ஆறு பத்துக்கு, அதே நிறுத்தத்தில், ஏதோ ஒரு வண்டி பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை அடித்துப்போட்டுவிட்டுப் பனிக்குள் மறைந்தது. நின்றிருந்த அத்தனை பேரின் செல்பேசியும் 47 இப்போதுதான் கடந்தது என்றது. உண்மையில் அதன் ஓட்டுநர் பனிக்குப் பயந்து கால்வாய்ச் சாலையாகச் சுற்றிப் போயிருந்தார். பெண்ணின் சொந்தக்காரர்கள் கடைசி நிறுத்தத்தில் அவரைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். "நான் அந்த வழியா வரலைங்க. ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கூட்டத்தில் ஒருவன் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுக் கேட்கவும் செய்தான். இவன்தான் எடுத்தான். பின்னால் கூச்சல், முன்னால் மூச்சிரைக்கும் கரகரத்த குரல். "47 மார்க்கெட் வழியா வந்துச்சா?"

தள்ளினேன் என்று சொன்னால் வேலை போகும்.

"வந்துச்சு."

அதற்குப் பிறகுதான் இரும்புக் கம்பி எழுந்தது. முதல் அடி தாடையில். எவனோ எடுத்த வீடியோவை அவன் நாற்பது தடவை பார்த்திருக்கிறான். தாடை உடைந்து தொங்கிய பிறகும் ஓட்டுநர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் ரத்தத்தோடு 'ம்ம்... ம்ம்' என்பது மட்டும்தான் வெளியே வந்தது. உயிர் போகும்வரை அடித்தார்கள். அன்று மாலையே அவன் தள்ளிய பதிவை அழித்துவிட்டான். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

செல்பேசி மறுபடி அதிர்ந்தது. 'இன்னும் நான்கு நிறுத்தங்கள். பாலம்.'

கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினான். பக்கத்து நாற்காலிக்காரன்தான் எடுத்தான். விளையாடுகிறாயா என்று இவன் கத்த, அவன் குழம்பிப்போனான். "அண்ணே, 47ஐ லிஸ்ட்லேர்ந்தே எடுத்தாச்சே. திரையில ஒண்ணுமில்ல."

'இன்னும் மூன்று. தையல்கடை முனை.'

தையல்கடை முனை ஒரு நிறுத்தமே இல்லை, அது அவன் தெருவின் வாய்; இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய சந்துக்குள், ஈரச் சுவர்களுக்கும் கம்பிக்கொடித் துணிகளுக்கும் நடுவே, ஒரு பேருந்தை யாரோ அடிமேல் அடியாகத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று தோன்றியபோது, திறந்திருந்த ஜன்னல் வழியே டீசல் நாற்றமும், அதற்கடியில் துருப்பிடித்த இரும்பின் வாடையும் மெதுவாக உள்ளே வந்தன. எட்டிப் பார்த்தான். தெருவில் யாருமில்லை. செல்பேசியை அணைத்தான். திரை அணையவில்லை.

'இன்னும் இரண்டு. கீழ்ப்படி.'

மேசை இழுப்பறையில் சுத்தியல் இருந்தது. எடுத்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயும் நாற்றம் வந்தது. அதை அணைக்கத் தோன்றவில்லை. படியில் காலடி கேட்டது. தள்ளாடும் காலடி. ஒரு படி. நிற்கும். சுவரில் உள்ளங்கை தேய்கிற சத்தம். இன்னொரு படி.

'அடுத்தது இரண்டாம் மாடி.'

விளக்கை அணைத்தான். கதவின் பின்னால் ஒட்டி நின்றான். சுத்தியலை ஓங்கிப் பிடித்தான்.

காலடி வாசலில் நின்றது.

"யாரு?"

சுவரில் உள்ளங்கை மறுபடி தேய்ந்தது.

"யாருன்னு கேக்கறேன்ல."

"ம்ம்... ம்ம்."

அதே சத்தம். நாற்பது தடவை கேட்ட சத்தம்.

'உங்கள் பேருந்து வந்துவிட்டது.'

பூட்டில் ஏதோ நுழைந்தது. திரும்பியது. கதவு திறந்தது. படிக்கட்டின் மங்கிய வெளிச்சத்தில் தெரிந்தது ஒன்றுதான்: வாயெல்லாம் ரத்தம்.

அடித்தான். தாடையில். எலும்பு முறிவது கைவரை தெரிந்தது. மறுபடி. விழுந்த பிறகும். மறுபடி. ஒரு கை எழுந்து எதையோ தடுத்தது. அதன் மேலும். சத்தம் நிற்கும்வரை.

நின்றது.

விளக்கைப் போட்டான். வாசலில் சாவிக்கொத்து கிடந்தது. மருந்துக்கடைப் பை கிடந்தது. பல் பிடுங்கிய இடத்தில் கடித்திருக்கச் சொன்ன பஞ்சு, சிவந்து ஊறி, வாயிலிருந்து வெளியே வந்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கன்னத்தைத் தட்டினான். கன்னம் உள்ளே போனது.

செல்பேசி அதிர்ந்தது. 'மன்னிக்கவும். 47 இந்த வழியாக வரவில்லை.'

படித்தான். திரும்பத் திரும்பப் படித்தான். அப்புறம் அது ஒலித்தது. கை தானாக எடுத்தது. பின்னால் கூச்சல். முன்னால் மூச்சிரைப்பு. அதே கரகரத்த குரல்.

"உங்க வாசலுக்கு 47 வந்துச்சா?"

அவன் சுத்தியலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"வந்துச்சு" என்றான்.

கீழே, படிகளில், பல கால்கள் ஏறத் தொடங்கின. இரும்புக் கம்பியொன்று ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டே வந்தது.