அந்தோணியார் காலடியில் ஒரு செக்

"செக் இல்லீங்க. இனிமே கவர்மெண்டு பணம் நேரா உங்க பேங்க் கணக்குக்கே வந்துரும்."

அரசு அலுவலகத்தில் பில் பணம் தரும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் புது ஆள். பெயர் பெனிட்டோ; தூத்துக்குடிப் பேச்சு. அப்பப்பா, என்ன கண்கள்... எல்சி அவற்றைப் பார்க்கவேயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எங்கப்பா செவ்வாய்க்கெழம செக்கை அந்தோணியார் காலடில வெச்சுட்டுத்தான் பேங்குல போடுவாரு. இப்ப இன்னாத்த வெக்கிறது... உங்க தலையையா?"

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்பா செல்வநாதனுக்கு ராயபுரத்தில் கயிற்றுக்கடை. அரசு அலுவலகத்துக்குக் கயிறும் தார்ப்பாயும் கொடுப்பவர். "கண்ணால பாக்காத காசு காசே இல்ல" என்று கணக்கு எண்ணைத் தர மறுத்துவிட்டார். அவருக்காகச் சண்டை போட எல்சி வாராவாரம் போனாள். சண்டைக்குப் போகிறவளுக்கு மல்லிகைப்பூ எதற்கு?

அப்பா கொஞ்சம் இளகினாலும் அவளே முட்டுக்கட்டை போட்டாள். "வுட்டுக் குடுக்காதப்பா." கடைப் பணம் முடங்கிக் கிடந்தது. பாவி மனசோ அடுத்த சண்டைக்கு ஏங்கியது.

ஒரு செவ்வாய், அடைமழை. கோயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தான் பெனிட்டோ.

"செக்கு வைக்கிற எடத்துல செல்போன வைங்க அங்கிள். பணம் வந்த மெசேஜ் அதுலதான வருது. அந்தோணியார் கோவிச்சுக்க மாட்டாரு."

அப்பா யோசித்தார். அந்தோணியாரை ஒருமுறை பார்த்தார். தலையாட்டி, கணக்கு எண்ணையும் சொல்லிவிட்டார்.

அடுத்த செவ்வாய் அந்தோணியார் காலடியில் போன் 'டிங்' என்றது. அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். எல்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி அந்தக் கவுன்டர் பக்கம் போக என்ன சாக்கு இருக்கிறது?

கோயில் வாசலில் தூறல். பெனிட்டோ பின்னாலேயே வந்தான்.

"பணம் ஏறிட்டுல்லா... ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"இனிமே நான் இன்னான்னு சொல்லிக்கினு அங்க வர்றது?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் காது சிவந்துவிட்டது. "பில்ல நிறுத்தி வச்சிக்கிட்டு நான் பொண்ணு கேட்டா, உங்கப்பா லஞ்சம் கேக்கேன்னு நெனைப்பாருல்லா? அதான் முதல்ல பணத்த ஏத்திட்டு..."

"ஏத்திட்டு?"

"நாளைக்கு எங்கம்மாவ கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரலாமான்னு..."

அந்தக் கண்களை அவள் முதன்முறையாக ஒளியாமல் பார்த்தாள்.

"வாங்க... எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சுக்கீது."