உறுதியின் நாலாம் பக்கம்

எடித் வங்காலையில் ஸ்கூட்டியை நிற்பாட்டியபோது பகல் பன்னிரண்டு மணி. ஆடி மாதக் கச்சான் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஹெல்மெற்றைக் கழற்றியதுதான் தாமதம், வாய் நிறைய மண். மன்னாரில் கடையைப் பூட்டிவிட்டு இந்த வெயிலுக்குள் வந்தது போதாதென்று, வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் கேட்க வேண்டியும் வந்தது. மூன்று பேரும் சொல்லி வைத்த மாதிரி, "செத்துப்போன றோயின்ர வீடோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார்கள். கொம்பியூட்டர் திருத்த வந்தவளிடம் இதென்ன கேள்வி என்று அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எடித்துக்குக் கோபம் எப்பவும் மூக்கு நுனியில்தான்.

வீட்டின் முன்னறைதான் றோயின் கடை. போட்டோக் கொப்பி, ஸ்கான், விண்ணப்பம் நிரப்புதல் என்று பதினைந்து வருடம் நடத்தியவர், இரண்டு மாதத்துக்கு முன்னர் ஒரு பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். கதிரை இன்னும் மேசைக்கு முன்னால் கிடந்தது. றோயின் மனைவி பெற்றிசியா கறுப்புச் சேலையோடு யன்னலடியில் நின்றாள். வாங்குப் பலகையில் ஒரு வயதான பெண், முக்காட்டைப் பிடித்தபடி. எடித்துக்கு ரெலிபோன் எடுத்தது அவள்தான். எருக்கலம்பிட்டிக்காரி, பெயரே சித்தி மரியம்.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு நானாட்டானில காணி விசாரணை புள்ள," என்றாள் சித்தி மரியம். "தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தைத் துரத்தைக்க உடுத்த உடுப்போட வெளிக்கிட்டனாங்க. வேற ஒண்டும் எடுக்கல்ல, காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் மடியில கட்டிக்கொண்டு போனன். புத்தளத்தில இருந்த காலம் முழுக்க தலகாணிக்குக் கீழ வச்சிருந்தன். ஸ்கான் பண்ணித் தாங்க எண்டு றோய் தம்பிட்டக் குடுத்தன். அண்டைக்கே மௌத்தாயிட்டார். உறுதியையும் காணல்ல."

"காணிக் கந்தோர்ப் பதிவுப் புத்தகத்தில தேடிப் பாத்தனீங்களோ உம்மா?"

"அது சண்டைக்க அழிஞ்சு போச்சாம். ஸ்கான் கொப்பியெண்டாலும் கொண்டு வாங்க, நாலாம் பக்கத்தில காணிட எல்லை இருக்கிறதைப் பாத்தாப் போதும் எண்டு கந்தோரில சொன்னாங்க. அது இல்லாட்டி எங்கட வாப்பாட காணி எங்களுக்கில்ல. என்ட மகள் தகரக் கொட்டிலில ரெண்டு புள்ளைகளோட இருக்காள். உறுதி இதுக்குள்ளதான் இருக்கு." மேசையில் கிடந்த கொம்பியூட்டரை அவள் விரலால் காட்டினாள். தொடவில்லை.

எடித் அதைப் போட்டுப் பார்த்தாள். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு. மூன்று தரம் கீச்சிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. பெட்டியைத் திறந்தாள். உள்ளே மதர்போர்ட் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த புள்ளிகள்.

"அக்கா, இதுக்குள்ள தண்ணி ஊத்தினனீங்களோ?"

பெற்றிசியா நிலத்தைப் பார்த்தாள். "தண்ணியில்லை. தீர்த்தம்."

"என்னது?"

"முப்பத்தொராம் நாள் பூசை முடிஞ்சு கோயிலில இருந்து கொண்டு வந்தனான். கொஞ்சம்தான் தெளிச்சனான் தங்கச்சி."

"கொம்பியூட்டருக்கு ஆரக்கா தீர்த்தம் தெளிக்கிறது! கடற்காத்து அரிச்சது காணாதெண்டு நீங்களும் சேந்து சாக்காட்டினனீங்களோ?"

"அது தன்ர பாட்டில ஓடினது," என்றாள் பெற்றிசியா மெல்லமாக. "நானும் பயத்தில..."

எடித்துக்குத் தலை விறைத்தது. தன் பாட்டில் ஓடுகிறதென்றால் சுவிச்சில் கோளாறு. அதற்கு மந்திரமா போடுவது? முணுமுணுத்தபடியே பிரஷ்ஷால் உப்பைத் தட்டினாள். நினைவக அட்டையைக் கழற்றிப் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கிற அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினாள். திரை வந்தது. வந்ததும் வராததுமாக, பூட் ஆவதற்கு டிஸ்க் இல்லை என்று ஒரு வரி. உள்ளே டிஸ்க் கிடந்து டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

சாகக் கிடக்கிற டிஸ்க்கைத் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்பக்கூடாது. அதில் உள்ளதை ஒன்றும் விடாமல் இன்னொரு டிஸ்க்குக்கு அச்சொட்டாகப் பிரதி எடுத்துவிட்டு, பிரதிக்குள் போய்த் தேட வேண்டும். எடித் பழைய டிஸ்க்கைக் கழற்றித் தன் லப்டொப்பில் கொழுவினாள். புதியதை மறுபக்கம் கொழுவினாள். வேலை தொடங்கியது.

தொண்ணூற்றேழு வீதத்தில் நின்றது.

திரும்பத் தொடங்கினாள். முக்கால் மணித்தியாலம் வியர்வையில் குளித்தபடி காத்திருந்தாள். தொண்ணூற்றேழில் நின்றது. வயரை மாற்றினாள். தொண்ணூற்றேழு. சனியன் பிடித்த இந்த மூன்று வீதத்துக்குள் அப்படி என்ன மண்ணாங்கட்டியை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று டிஸ்க்கைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சித்தி மரியம் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். பெற்றிசியா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். அது ஆறிக் கிடந்தது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. பிரேதத்துக்குத் தெளிக்கிற ஓடிக்கொலோன்.

"அக்கா, சென்ற் ஏதும் பூசியிருக்கிறியளோ?"

"இல்லை," என்றாள் பெற்றிசியா. அவளுடைய கை கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைப் பிடித்திருந்தது. "இந்த நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் வரும்."

 பயத்தைக் காட்டினால் வேலை கெட்டுவிடும். முன்னாலிருந்து போக விடாவிட்டால் பின்னாலிருந்து போவோம் என்று, டிஸ்க்கைக் கடைசியிலிருந்து தலைகீழாக வாசிக்க விட்டாள். மெல்ல மெல்ல ஏறியது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. டிக் டிக் சத்தம் நின்றது.

நூறு.

"எடுத்தாச்சு உம்மா!" என்று கத்தியேவிட்டாள். சித்தி மரியம் வாங்கிலிருந்து எழும்பி ஓடி வந்தாள். பிரதியை வாசிக்க மட்டும் என்று எடித் திறந்தாள். அப்படித் திறந்தால் அதற்குள் ஒருவராலும் ஒன்றும் எழுதவோ அழிக்கவோ முடியாது. சித்தி மரியம் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. உள்ளே உறுதியின் பக்கங்கள். பழுப்பு நிறம், பழைய நொத்தாரிசின் கையெழுத்து. தாள் சுருளாமலிருக்க றோய் ஸ்கானரின் மூடியைத் திறந்தபடியே விரலால் அமத்திப் பிடித்து எடுத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் நாலு தடித்த விரல்கள். பெற்றிசியா அந்த விரல்களைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு இல்லை.

எடித் மேலும் கீழும் தேடினாள். அழிந்த கோப்புகளுக்குள் தேடினாள். மூன்றாம் பக்கம் எடுத்த நேரம் பின்னேரம் மூன்று இருபது. றோய் உயிர் விட்டதும் அந்த நேரம்தான் என்றாள் பெற்றிசியா. நாலாம் பக்கத்தை எடுக்க மனிசனுக்கு நேரம் கிடைக்கவில்லை. இவ்வளவு பாடும் பட்டது இதற்குத்தானா? எடித்துக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. லப்டொப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"எல்லை இல்லையா புள்ள?" சித்தி மரியம் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "அப்ப என்ட மகளுக்கு நான் என்ன சொல்லுற?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி தளர்ந்து நின்றது. வெளியே கச்சானும் சட்டென்று அடங்கிவிட்டது. லப்டொப் மட்டும் பற்றரியில் எரிந்தது.



மேசையின் மூலையில் றோயின் ஸ்கானர் இருந்தது. அதன் வயர் ஒன்றிலும் கொழுவப்படாமல் தொங்கியது.

மூடிக்குக் கீழே வெள்ளை வெளிச்சம் வந்தது.

அது மெதுவாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது. யாரும் இல்லாத கதிரை, ஆள் சாய்ந்த மாதிரி ஒருதரம் கிறீச்சிட்டது.

"மாதாவே," என்றாள் பெற்றிசியா.

லப்டொப்பில், ஒருவராலும் எழுத முடியாத அந்தப் பிரதிக்குள், இப்போது நாலு கோப்புகள் இருந்தன. நாலாவதின் திகதி இன்று. நேரம் இந்த நிமிடம்.

எடித் அதைத் திறந்தாள்.

நாலாம் பக்கம். வடக்கே பனந்தோட்டம், கிழக்கே கடற்கரை வீதி என்று எல்லை தெளிவாக இருந்தது. தாள் ஈரத்தில் ஊறியிருந்தது. எழுத்துகளுக்கிடையே வெள்ளை மணல். இடது ஓரத்தில் அதே விரல்கள், ஆனால் இம்முறை நீலம் பாரித்து, தோல் தளர்ந்து. விரல்களைச் சுற்றிக் கறுப்புச் செபமாலை.

பெற்றிசியா தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டாள். "அந்தச் செபமாலை நான் அவற்ற கையில சுத்தி விட்டது. சவப்பெட்டி மூடேக்க..." முகத்தைத் துடைத்தாள். "பெட்டி மூடேக்க மேசை லாச்சிக்குள்ள ஒரு பழைய உறை கிடந்தது, அண்டைக்கு ஸ்கானரில கிடந்ததை ஆரோ அதுக்குள்ள போட்டு வச்சிருக்கினம் போல. இவர் கோயிலில மரியாயின் சேனைச் சபைக்காரர். அந்தச் சபைக் கடுதாசியெண்டு நினைச்சுப் போட்டன். செத்த சபைக்காரருக்குப் பெட்டிக்குள்ள எங்கட சனம் வைக்கிறதுதானே. திறந்தும் பாக்காமல் தலைமாட்டில வச்சு விட்டனான். பிறகு நீங்கள் உறுதியைக் கேட்டு வரேக்கதான் விளங்கினது. வெக்கத்தில சொல்லேல்லை மரியம் அக்கா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

 கோபப்பட சித்தி மரியத்துக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் குனிந்து பெற்றிசியாவின் தோளைப் பிடித்தாள். "அழாத. உன்ட மனிசன் வாங்கின வேலைய முடிச்சுத் தந்திட்டார். அது போதும்."

எடித் பக்கங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். சாமான்களை வாரிப் பைக்குள் திணித்தாள். வெளிக்கிடும்போது பெற்றிசியா கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, அந்தப் பிரதியை இஞ்சையே விட்டிட்டுப் போங்கோ. இல்லாட்டி இப்பவே அழிச்சுப் போடுங்கோ. அவர் தன்ர சாமான் இருக்கிற இடத்தை விட்டு அசையாத மனிசன்."

எடித்திடம் ஒரு பிடிவாதம் உண்டு. வேலை சரி என்று ஆள் வந்து சொல்லும்வரை பிரதியை அழிக்க மாட்டாள். ஒருதரம் அவசரப்பட்டு அழித்து, ஒரு கலியாண வீட்டுப் படம் முழுவதையும் இழந்து பேச்சு வாங்கியவள். "நாளைக்கு விசாரணை முடியட்டும் அக்கா. பிறகு அழிக்கிறன்," என்றுவிட்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

மறுநாள் மதியம் மன்னாரில் கடையில் இருந்தபோது சித்தி மரியத்தின் அழைப்பு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், ஏத்துக்கொண்டாங்க புள்ள! நாளைக்கு அளக்க வாறாங்க. மகள் அழுதுகொண்டே சிரிக்காள்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டு கேக்கணும். தாளில விரல் இருந்ததே. காலமை பிரின்ற் எடுத்துப் பாக்கைக்க இல்ல. நாலு பக்கத்திலயும் இல்ல. எழுத்து மட்டும்தான். நீ அழிச்சுத் தந்தியா?"

"இல்லை உம்மா," என்றாள் எடித். 

போனை வைத்த கையோடு பிரதியை அழித்தாள். டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுத விட்டாள். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்த்து முடித்தாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையை எடுத்தாள். நானாட்டான் விதுசனின் டிஸ்க். உழவு மெசின் விற்பதற்காக எடுத்த படங்கள். முதல் படத்தைத் திறந்தாள்.

சிவப்பு உழவு மெசின், வயல், நீல வானம். இடது ஓரத்தில் நாலு விரல்கள்.

இரண்டாவது படத்திலும் இருந்தன. மூன்றாவதிலும். ஒவ்வொரு படத்தையும் யாரோ சுருளாமல் அமத்திப் பிடித்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் மூடினாள். வெறும் திரை. அதன் இடது ஓரத்திலும் அழுக்கு மாதிரி நாலு அடையாளம். துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. இன்னொருதரம் துடைத்தாள். ஓடிக்கொலோன் மணத்தது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கத்தினாள். "உங்கட வேலை முடிஞ்சுதுதானே!"

வயரை இழுத்துப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

கறுத்த கண்ணாடிக்கு உட்பக்கம் நாலு விரல் நுனிகள் அழுந்தியபடியே இருந்தன. மற்ற ஓரத்தில், மெதுவாக, இரண்டாவது கையும் வந்து ஒட்டிக்கொண்டது.