இல்லை என்று சொல்லாத கடை

காலையில் காபி ஆறுவதற்குள் ஜெசிந்தா தன் கடைகளையெல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டுப் பார்த்துவிடுவாள். மேசையில் இருந்த சோதனைக் கருவி ஏதோ ஒரு வீட்டின் குரலைப் போட்டுக்கொண்டு, "பேட்டரி மாத்தணும், இன்னைக்கு ஆள் வருமா?" என்று கேட்கும். பேட்டரிக் கடைப் பொன்ராசுக்காகப் பேசும் பதிலி, அவருடைய அதே கரகரத்த குரலில், "வரும்மா, தெருப் பேர மட்டும் சொல்லுங்க" என்னும். அடுத்து முடிதிருத்தும் கடை, அடுத்து பூக்கடை, அதற்கடுத்து எண்ணெய்க் கடை. எல்லாக் கடைகளும் பேசிவிட்டால் கோவில்பட்டி இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள்.

வெளியே எட்டிப் பார்த்தால் அது தெரியாது. மெயின் ரோட்டில் பெயர்ப்பலகைகள் கழற்றப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கடைக்குப் போகும் வழக்கம் மக்களுக்கு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் 'வாங்கி' என்றொரு கருவி இருந்தது. அரிசிப் பானையில் அரிசி குறைவதை அதுவே அறியும், பொதுச்சந்தைக்குள் இறங்கும், கடைகளின் பதிலிகளோடு பேசி, பேரம் முடித்து, பொருளை வாசலுக்கு வரவழைக்கும். பதிலி இல்லாத கடை, கதவை அகலத் திறந்து வைத்திருந்தாலும் மூடிய கடைதான். தனியாக இருப்பவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் சில நேரம் வாங்கியை ஒதுக்கிவிட்டுப் பதிலியோடு தாங்களே பேசுவார்கள். அது அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

பெரிய நிறுவனங்களின் பதிலிகளைக் கட்ட நகரத்தில் ஆட்கள் இருந்தார்கள். சின்னக் கடைகளுக்கு ஜெசிந்தா இருந்தாள். சான்றிதழில் அவள் 'வலையிருப்பு வல்லுநர்'. ஊர் வாயில் பதிலிக்காரி. கடைக்காரரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அவர் எப்படிச் சிரிக்கிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார், கோபக்காரனை எப்படிக் குளிர்விக்கிறார் என்று எல்லாவற்றையும் கேட்டு, அவரைப் போலவே பேசும் ஒன்றைச் செய்து சந்தைக்குள் அனுப்புவாள்.

அன்று சோதனையின் கடைசியில் செண்பகத்தின் இட்லி மாவுக் கடையின் முறை வந்தது. "மாவு இருக்கா?" என்று கருவி கேட்டது.

"உனக்கு இல்லாமலா தாயி, எத்தன பேருக்கு வேணும்?" என்றது செண்பகத்தின் குரல் மேசையிலிருந்து.

"அத நிறுத்து புள்ள," என்றது செண்பகத்தின் குரல் வாசலிலிருந்து.

ஜெசிந்தா திரும்பினாள். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை சுற்றியபடி செண்பகம் நின்றிருந்தாள். பங்குனியில் அரைத்து அரைத்துக் கை ஓய்ந்துபோனதும் கிரைண்டர்களை விற்று, கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்தவள். பதிலி மட்டும் ஓயவில்லை. கடைக்காரரின் கை ஓய்ந்தால், அவருக்குப் பதிலாகச் செய்துகொடுக்கும் 'மாற்றுக்கை'யைப் பதிலியே தேடிக்கொள்ளலாம் என்பது சந்தையின் விதி. வேறு யாரோ அரைத்த மாவு, செண்பகத்தின் படம் போட்ட பையில் மாவட்டம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "இப்பத்தான்க்கா உங்க மாவு பதமா இருக்கு" என்று அவளிடமே சொன்னாளாம். அப்போது செண்பகம் சிரித்துக்கொண்டுதான் அதை ஜெசிந்தாவிடம் சொன்னாள்.

இன்று அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு இளம்பெண் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருக்கா?"

"மாரிக்கனியாம். விளாத்திகுளத்துப் பிள்ள. காலைல பஸ்ஸ விட்டு இறங்கி நேரா என் வீட்டுக்கு வந்துட்டா. 'யாரு தாயி'ன்னுதான் கேட்டேன். அப்படியே வாசல்ல உக்காந்துட்டா."

"இந்தக் குரல்தான்," என்றாள் மாரிக்கனி.

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாரிக்கனி உட்காரவில்லை. நின்றபடியே, பள்ளியில் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். மகன் துருவனுக்கு நாலு வயது. உளுந்து ஒத்துக்கொள்ளாது, உடம்பில் பட்டாலே தடித்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இட்லி தின்பதைப் பார்த்து அவனுக்கும் இட்லி வேண்டும்.

"உளுந்தில்லாத மாவு இருக்கான்னு எல்லாக் கடையிலயும் நானே கேட்டேன். எல்லாரும் இல்லைன்னாங்க. இந்த அக்காதான்..."

"நான் இல்ல தாயி."

"இந்த அக்கா குரல்தான் நாளைக்கு வரும்னு சொல்லுச்சு. மறுநாள் வந்துச்சு." மாரிக்கனி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அஞ்சு கேட்டான். நான் ரெண்டுதான் குடுத்தேன்."

செண்பகம் பட்டை கட்டிய கையால் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தா பதிலியின் உள்ளே போய்ப் பார்த்தாள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மாரிக்கனியிடம் பேசி முடித்ததும் பதிலி இரவெல்லாம் மாற்றுக்கைகளைத் தேடி அலைந்திருக்கிறது. எங்கோ ஒரு மாவு ஆலை சம்மதித்து, உளுந்து போடாமல் வரகும் பாசிப்பயறும் அரைத்துக் கொடுத்திருக்கிறது. அதற்கு முன்பு அதே கல்லில் உளுந்து ஓடியிருக்கிறது. கல்லைக் கழுவினார்களா என்று கேட்கப் பதிலிக்குத் தெரியாது. செண்பகத்துக்குத் தெரிந்திருக்கும்.

நாளைக்கு வரும். அந்தச் சொல்லைச் செண்பகத்திடமிருந்து எடுத்து பதிலிக்குள் வைத்தவள் ஜெசிந்தாதான். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நாளில் செண்பகம் சொன்னாள், "விளக்கேத்தின கடையில இல்லங்கிற வார்த்த வரக்கூடாது புள்ள. வந்தவ மூஞ்சில அடிச்ச மாதிரி. நாளைக்கு வரும்னு சொல்லி அனுப்பணும்." ஜெசிந்தாவுக்கு அது பிடித்துப்போயிற்று. இல்லை என்று ஒருபோதும் சொல்லாத பதிலியை வாங்கிகளுக்கும் பிடித்துப்போயிற்று. செண்பகத்தின் கடை சந்தையின் மேல்வரிசைக்கு ஏறியதும், அதே பண்பை அவள் தன்னுடைய எல்லாக் கடைகளுக்கும் ஊட்டினாள். அவள் பேர் வாங்கியதே அதனால்தான்.

"நான் நாளைக்கு வரும்னு சொன்னா கேக்கிறவளுக்குப் புரியும்லா?" செண்பகத்தின் குரல் உடைந்தது. "சரிக்கான்னுட்டு வேற கடைக்குப் போயிருவா. பச்சப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே. நீ அதுக்குச் சொல்லிக் குடுக்கலயா?"

சொல்லிக் கொடுக்கவில்லை. தனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம் என்பதால், அதைச் சொல்லித்தர வேண்டும் என்றே ஜெசிந்தாவுக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஒன்றின் வாயில் அவள் ஒரு மரியாதையை வைத்தாள். அது அதை வாக்காக எடுத்துக்கொண்டு, எப்படியாவது காப்பாற்றப் பார்த்தது.

"என் கடைய எடுத்துரு," என்றாள் செண்பகம். "என் குரல எடுத்துரு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அது அவ்வளவு சுலபமில்லை. கடைக்காரர் போலப் பேசி அடுத்தவன் கடையை மூடிவிடும் மோசடிகள் பெருகிய பிறகு, சந்தை மனிதர் சொல்லை ஏற்பதில்லை. விடியற்காலையில் பதிலியிடம் மட்டும் கேட்கும்: கடை உண்டா? செண்பகத்தின் பதிலி தினமும் உண்டு என்றுதான் சொல்லும். அதற்கு வேறு சொல் தெரியாது. ஜெசிந்தா அன்றே அந்தப் பண்பைப் பிடுங்கி எடுத்தாள். கை அதோடு நிற்கவில்லை. தான் கட்டிய ஒவ்வொரு பதிலியிலிருந்தும் அதை எடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் விடியலில் செண்பகம் வந்து மேசைக்கு அருகே அமர்ந்தாள். சந்தை கேட்டது. "இல்லை," என்றது பதிலி. கருவியில் அந்தக் கடைக்கு எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

"என் வாயில இருந்து அந்த வார்த்த வந்து நான் கேட்டதே இல்ல," என்றாள் செண்பகம். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு வந்த காலைகளில் ஜெசிந்தாவின் கடைகள் வேறு மாதிரி பேசின. இன்னைக்கு ஆள் வருமா? இல்லம்மா, இன்னைக்கு ஆகாது. மல்லிப்பூ உண்டா? இல்லை, முல்லைதான் இருக்கு. அவள் அந்த உண்மைகளை ஒருவித நிம்மதியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஒருமுறை இல்லை என்று கேட்ட வாங்கி மறுமுறை அந்தக் கடைப்பக்கம் திரும்புவதில்லை. வாரம் முடிவதற்குள் பொன்ராசு வந்துவிட்டார்.

"ஏன் ஜெசி, என் பதிலிக்கு என்ன கேடு? கோவிச்சுக்கிட்டு வந்த மாப்பிள்ள மாதிரி எதக் கேட்டாலும் இல்ல இல்லங்குது."

"இல்லாததத்தான் இல்லைங்குது அண்ணாச்சி."

"இல்லாததெல்லாம் இல்லைன்னு சொன்னா எங்கிட்ட என்னதான் மிஞ்சும்? நீயே சொல்லு."

"ஒரு பிள்ள செத்துப்போச்சு அண்ணாச்சி."

பொன்ராசு தன் செருப்பைப் பார்த்தார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. மெதுவாகச் சொன்னார், "நான் பேட்டரிதானம்மா விக்கேன். ஒரு வீடு கூடக் கூப்பிடல. காலைல இருந்து ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ரோட்டுல நாய்கூட வரல."

அவர் போனதும் அவருடைய பதிலியை மட்டும் பழையபடி ஆக்கினாள். பூக்கடைக்காரி அழுதுகொண்டு வந்தாள். முடிதிருத்தும் கடைக்காரர் வரவே இல்லை. கடையை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவளே ஓடினாள். நடுவில் ஒரு வழி இருக்கும் என்று நம்பி, 'விசாரிச்சுச் சொல்றேன்' என்று பதிலிகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். வாங்கிகள் காத்திருக்கவில்லை. மாதம் திரும்புவதற்குள் கோவில்பட்டியில் மறுபடியும் எல்லாம் இருந்தது. இல்லாதது எல்லாம் நாளைக்கு வருவதாக இருந்தது. செண்பகத்தின் பதிலி மட்டும் சந்தைக்கு வெளியே, ஜெசிந்தாவின் பெட்டிக்குள் பேச்சற்றுக் கிடந்தது. அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு பிற்பகலில் மாரிக்கனி தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, ஒரு முக்கியமான வேலையாக வந்தவளைப் போல இருந்தாள்.

"அந்த அக்காவ மூடிட்டீங்களாமே."

"மூடியாச்சும்மா. இனி யாருக்கும் அப்படி நடக்காது," என்றாள் ஜெசிந்தா. அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"செண்பகம் அக்கா வீட்லதான் இருப்பாங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"அவங்ககிட்ட இல்ல. நேத்து அங்க போயிருந்தேன். நல்லவுங்க. சோறு போட்டாங்க, என்னக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. ஆனா நான் கேட்டதுக்கு இல்ல தாயின்னுட்டாங்க."

என்ன கேட்டாய் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. கேட்டால் இந்த அறையிலும் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெண் எதிர்பார்ப்போடு நின்றுகொண்டிருந்தாள். முடியாதும்மா என்று சொல்ல வேண்டும். அது செத்த கருவி, அதற்கு ஒன்றும் தெரியாது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

"உக்காருங்க," என்றாள்.

பெட்டியைத் திறந்தாள். எடுத்த பண்பைத் திரும்ப வைத்தாள். கேட்புக்கருவியை மாரிக்கனியின் காதில் மாட்டிவிட்டு வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரோட்டில் வெயில் மட்டும் இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். மாரிக்கனியின் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன, நின்றன. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்த முகம் மெல்லத் தளர்ந்தது.

வெளியே வந்தபோது மாரிக்கனி கண்ணைத் துடைத்திருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவளின் அவசரத்தில் கேட்டாள்:

"நாளைக்கு வருவான்னு சொன்னாங்க. காலைல எத்தன மணிக்குத் திறப்பீங்கக்கா?"

ஜெசிந்தா நேரத்தைச் சொன்னாள்.