ஓம், அப்ப வாறன்

மணிச்சத்தம் சோதிலிங்கத்தின் சைக்கிளுடையதுதான். இரண்டாவது தட்டுச் சற்று இழுபட்டுக் கரகரக்கும் அந்த ஓசையை எந்தச் சந்தையில் கேட்டாலும் அவன் அடையாளம் சொல்லிவிடுவான். ஆனால் சைக்கிள் அவன் கண்ணெதிரே பலாமரத்தில் சாய்ந்து நின்றது. அதைத் தொட அங்கே ஒருவரும் இல்லை. சத்தம் வந்தது தலைக்கு மேலே, காட்டுக்குள்ளிருந்து.

அவனுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. மற்றக் குருவிகளின் குரலைத் திருடிக் கத்தும் இரட்டைவால் குருவி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றுதானே விடிய வெளிக்கிட்டு, பேராதனை தாண்டி, கெலிஓயா தாண்டி, தேயிலைக்கு மேலே இந்தக் காட்டோரம்வரை மிதித்து வந்திருக்கிறான். கண்டி அரசாங்கக் கச்சேரியில் அவனோடு வேலைபார்க்கும் கிளாக்கர்மார் ஞாயிற்றுக்கிழமை என்றால் சீட்டாடுவார்கள். இவன் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குருவிக்குப் பின்னால் திரிவான். கலியாணம் ஆனால் தெளியும் என்றார்கள், தெளியவில்லை. இப்போது பெண்குழந்தையும் பிறந்துவிட்டது.

பிள்ளைப்பேற்றுத் துடக்கு இன்னும் கழியவில்லை. மஹய்யாவையில் வாடகை வீட்டின் உள்ளறையில் லீலாதேவி குழந்தையோடு கிடந்தாள். பகலில் அயலில் இருக்கும் புஷ்பம் வந்து பத்தியம் சமைத்து, துணி துவைத்து, பொழுதுபட வீட்டுக்குப் போய்விடுவாள். "போட்டு வாங்கோ. புஷ்பம் போனாப் பிறகு நானும் பிள்ளையும் தனிய. விளக்கு வைக்க முன்னம் வந்திடுங்கோ," என்று லீலாதேவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

தூரக்கண்ணாடியை உயர்த்தினான். இலை, நிழல், இலை. குருவியைக் காணோம். அதை அருகே இழுக்க ஒரு சீழ்க்கை விட்டான். சீழ்க்கை அப்படியே திரும்பி வந்தது. இருமினான், இருமலும் வந்தது. நெஞ்சில் சளி உருளும் அந்தச் சின்ன இரைச்சல்கூடக் குறையாமல் வந்தது. அவன் சிரித்தான். சிரிப்பும் வந்தது.

இந்த விளையாட்டில் நேரம் போனது தெரியவில்லை. கீழே, போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்த தோட்டத் தொழிலாளரின் லயத்துக் கூரைகளை மூடிக்கொண்டு மூடுபனி மெல்ல மேலேறியது. ஈரமண்ணின் மணத்தோடு, எப்போதோ அணைந்துபோன அடுப்பின் சாம்பல் மணம் ஒன்றும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் காடு முழுக்க வேறொரு குருவியின் சத்தமும் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. சில்வண்டுகூட இல்லை. மேலேயிருந்து மறுபடி அவனுடைய சீழ்க்கை, இன்னும் கேள் என்பதுபோல.

"ஓம், ஓம். அப்ப வாறன்," என்றான், எழும்பிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டே.

பழக்கதோஷம். யாழ்ப்பாணத்தான் வாயில் விடைபெறும்போது 'போறன்' வராது, அது அபசகுனம். சாவீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் 'வாறன்'தான். கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் அவன் கூட்டாளி நளீர் காலையில்கூடத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துக்கொண்டே, நீங்க போறீங்களா வாறீங்களா, ஒண்ணைச் சொல்லுங்க என்று கேலிசெய்தான்.

"ஓம்," என்றது மேலேயிருந்து, அவன் குரலில். பிறகு, நிதானமாக, "வாறன்."

அவன் சொன்னபோது அதற்கு அர்த்தம் போகிறேன். அது சொன்னபோது அப்படி இருக்கவில்லை.

சைக்கிளில் ஏறினான். கை தானாக மணிக்குப் போனது. மணி பேசவில்லை. இன்னொருமுறை அழுத்தினான். நாக்கு கிண்ணத்தில் படுவது விரலுக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. முருகா என்று கூப்பிட வாய் திறந்தான். மூச்சுத்தான் வந்தது. சீழ்க்கை விட்டுப் பார்த்தான், இருமிப் பார்த்தான். வெறும் காற்று. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்து என்ன போய்விட்டது என்று விளங்காமல், சின்னப்பிள்ளைபோல் கண்ணீர் விட்டான்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டான். பாதையோர மரங்களின் உச்சியில் அவனுடைய மணிச்சத்தம் அவனோடு கூடவே வந்தது. ஒரு வளைவில் பின்னால் கேட்டது. அடுத்த வளைவில் பக்கத்தில். அதற்கடுத்த வளைவில் முன்னால். பிறகு கேட்கவேயில்லை. அது விட்டுவிட்டது என்று நினைத்து நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

கெலிஓயாவில் நளீர் மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகத் தொப்பியோடு கடைவாசலில் நின்றான். இவனைக் கண்டதும் முகம் குழம்பியது.

"என்ன சோதி, திரும்பி வாறீங்க? இப்பத்தானே போனீங்க. நான் உள்ளுக்கு கை கால் கழுவி வுழூ செஞ்சிட்டு இருந்தேன். வாசல்ல நின்னு, அப்ப வாறன்னு சொன்னீங்களே."

சோதிலிங்கம் வாயைத் திறந்து மூடினான். கையை ஆட்டினான். கண்டிப் பக்கம் காட்டினான், தொண்டையைக் காட்டினான். களைத்துப்போய் வந்திருக்கிறான் என்று நினைத்த நளீர் கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனான். அவன் திரும்பி வருவதற்குள் சோதிலிங்கம் சைக்கிளில் ஏறிவிட்டான். அது விட்டுவிடவில்லை. அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பேராதனைப் பாலத்தில் இருட்டு விழுந்தது. ஆற்றின் குளிர் முகத்தில் அடித்தது. தொடை எரிந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, வந்தபின் போகவில்லை. துடக்குக் கழியும்வரை அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று புஷ்பம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவன் கூடத்தில் நிற்பான், லீலாதேவி திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருப்பாள். இத்தனை நாளாக அவள் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்கிறாள். குரல் கேட்டால் போதும் அவளுக்கு.

மிதித்தான். டவுன். வெளிச்சங்கள். மஹய்யாவை ஏற்றம். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

புஷ்பம் அதைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போவாள். துடக்கோடு லீலாதேவி அறையைவிட்டு வரமாட்டாள், உள்ளிருந்து தாழிட வேறு யாருமில்லை. அவன் யன்னலுக்குப் போனான். கம்பிகளுக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கூடம். உள்ளறை விளக்கின் வெளிச்சம் திரைச்சீலையைத் தாண்டி வரவில்லை. கூடம் முழுக்க இருட்டு. ஒருவரும் தெரியவில்லை. வேப்பிலைப் புகையின் மணத்துக்கு மேலே அந்தச் சாம்பல் மணம்.

"வந்திட்டியளோ?" உள்ளே லீலாதேவியின் குரல், அரைத்தூக்கத்தில்.

"ஓம்."

அவனுடைய குரல். கூடத்துக்குள்ளிருந்து.

அவன் கண்ணாடியில் அடித்தான். கத்தினான், காற்று. கதவை உதைத்தான், தோளால் இடித்தான். பலாப்பலகைக் கதவு. அசையவில்லை. மறுபடி யன்னல். கண்ணாடி நொறுங்கியது, கை கிழிந்தது, கம்பி வளையவில்லை.

"வெளியிலை என்ன சத்தம்?" என்றாள். பிறகு சிரித்தாள். "உங்கடை குருவி பின்னாலை வந்திட்டுதோ?"

"ஓம்."

"கை கால் கழுவினியளோ?"

"ஓம்."

"அப்ப கொஞ்சம் பிடியுங்கோ இவளை. எனக்குக் கை உளையுது."

திரைச்சீலை விலகியது. விலகிய இடத்தால் அவளுடைய இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்தன. வளையல்கள். வெள்ளைத் துணிச் சுற்று. துணிக்குள் குழந்தையின் முகம் சிவந்து, கண் இறுக மூடி, வாய் முழுக்கத் திறந்திருந்தது. அழுதுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அழுகுரல் மேலே, கூரை வளையில் கேட்டது.

சோதிலிங்கம் கம்பிக்குள் கையை நுழைத்தான், தோள்வரை. எட்டவில்லை. லீலா. லீலா. வாய் அசைந்தது.

"பிடிச்சிட்டியளோ?"

"ஓம்."

அவள் கைகளை எடுத்தாள். திரைச்சீலை பழையபடி விழுந்தது, ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

குழந்தை கீழே விழவில்லை. ஓர் ஆளின் நெஞ்சுயரத்தில், தாங்க ஒருவரும் இல்லாத இருட்டில், வாயைத் திறந்தபடியே கிடந்தது. பிறகு யாரோ தாலாட்டுவதுபோல் மெல்ல அசையத் தொடங்கியது.